கரி படிந்த கவர்

என்னோடு இந்த ஊரில் வளர்ந்த உங்களில் பலருக்கு இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். ஹோட்டலில் மெனு கார்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்கள், நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் லிவர்மோர் கோயிலில் சாப்பாடு முடிந்து வாசலில் நின்றபோது, உங்களுக்கு நினைவு தெரிந்து பார்த்த முதல் யுத்தம் எது என்று யாரோ கேட்டார்கள். ராத்திரி குண்டு பாயும்போது டிவியில் பச்சையாகத் தெரிந்த வானம் என்று ஒருவர் சொன்னார். போர்வீரர்கள் பத்திரமாகத் திரும்ப ஸ்கூல் மரத்தில் கட்டிய மஞ்சள் ரிப்பன் என்று இன்னொருவர் சொன்னார். நானும் மஞ்சள் ரிப்பன் என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

நான் தமிழில் எழுதுவதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வளைகுடா யுத்தம் நடந்த அந்த வருஷம் எனக்குப் பத்து வயது, தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அம்மா தமிழில் கேட்பாள், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். நீங்களும் அப்படித்தானே வளர்ந்தீர்கள். பிறகு இருபத்தைந்து வயதுக்கு மேல் உட்கார்ந்து, அ, ஆ என்று குழந்தை மாதிரி எழுதிப் பழகினேன். ஏன் என்பது படித்துக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும்.

அப்போது நாங்கள் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவுக்குப் பின்னால் ஒரு வாடகை டவுன்ஹவுஸில் இருந்தோம். கராஜுக்குள் காரை விட்டால் பக்கவாட்டில் ஒரு ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகத்தான் இடம் இருக்கும். மிச்ச இடத்தில் அரிசி மூட்டை, நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடி, விருந்தாளிக்கு விரிக்கும் பாய், துணி உலர்த்தும் டிரையர். டிரையர் சூட்டில் ஊறுகாய் வாசனை கிளம்பி, என் ஸ்கூல் ஸ்வெட்டர் எல்லாம் அந்த வாசனைதான். அதற்காக ஸ்கூலில் மூக்கைப் பொத்தியவர்களில் உங்களில் ஒருவரும் உண்டு. போகட்டும், மறந்துவிட்டேன்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகி, குவைத் துறைமுகத்தில் வேலைக்குப் போனவர். நான் அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஆறு வயதில். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் வாங்கித் தந்த மக்ரூனை முழுப் பொட்டலமும் தின்று, அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றிக் கடல் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, இன்னும் ஒரு பொட்டலம் வேணுமா என்று கேட்டார்.

குவைத்திலிருந்து அவர் எழுதும் கடிதங்களின் அடியில் ஒரு கிரேன் வரைந்திருப்பார். எனக்குத் தமிழ் தெரியாது என்பதால் எனக்கென்று அந்தப் படம். ஒவ்வொரு தடவையும் கொக்கியில் வேறு ஏதாவது தொங்கும். ஒரு தடவை லட்டு, ஒரு தடவை மாடு, என் பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி எரியும் கேக். கடிதத்தை அப்பா படித்து முடித்ததும் அந்த மூலையைக் கத்தரித்து எனக்குக் கொடுப்பார். ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்திருந்தேன். வீடு மாறியதில் அது எங்கேயோ போய்விட்டது.

சிட்டிசன்ஷிப் கிடைத்ததும் அப்பா செய்த முதல் வேலை, தம்பிக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணியது. அதற்காக சித்தப்பா தன் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். அப்பா அதை ஒரு நீல ஃபைலில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்திருந்தார்.

ஆகஸ்டில் குவைத்துக்குள் பக்கத்து நாட்டுப் படை நுழைந்தது. இந்தியர்களில் நிறையப் பேர் பாலைவனம் வழியாக ஜோர்டானுக்குப் போய் விமானம் ஏறிவிட்டார்கள். கிரேன் ஓட்டத் தெரிந்தவர்களை மட்டும் துறைமுகத்தைவிட்டு வெளியே விடவில்லை. அக்டோபரில் சித்தப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று அதில் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஜனவரியில் குண்டு போட ஆரம்பித்தார்கள். போட்டது நாம் வாழும் இந்த அமெரிக்காவின் விமானங்கள். அப்பா அப்படிச் சொல்ல மாட்டார். "குண்டு விழுது" என்பார், மழை விழுகிற மாதிரி.

ஒரு சாயங்காலம் டிவியில் ஒரு துறைமுகம் எரிவதைக் காட்டினார்கள். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் ஓரமாக நீளமான கொட்டகைகள், அதற்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு, முன்னால் கறுப்பாக நாலைந்து கிரேன்கள். அப்பா பாய்ந்துபோய், கையில் அகப்பட்ட வீடியோ கேசட்டைப் போட்டு ரெக்கார்ட் பண்ணினார். அது என் எட்டாவது பிறந்தநாள் கேசட். நான் அழுதேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த முக்கால் நிமிஷத்தை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்ப்பார். படம் நடுங்கிக்கொண்டு நிற்கும். மூன்றாவது கிரேன் தம்பியுடையது மாதிரி இருக்கிறது என்பார். எல்லா கிரேனும் ஒரே மாதிரிதான் இருக்கும், சாப்பிட வாங்க என்பாள் அம்மா.

அதே வாரம் ஸ்கூலில் போர்வீரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி என்று எழுதி, அடியில் எனக்கு நன்றாக வரையத் தெரிந்த ஒரே படத்தை வரைந்தேன். கிரேன்தான். கொக்கியில் ஒரு கொடி. டீச்சர் நட்சத்திரம் ஒட்டி போர்டில் மாட்டினார்.

வீட்டிலோ கிரகப்பிரவேச வேலை. பதினோரு வருஷமாக வாடகை வீட்டில், சாமி படத்துக்கு ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் கேட்டுக்கொண்டு, தாளிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலை அறைந்து மூடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தவள் அம்மா. நாலு தெரு தள்ளி இப்போது சொந்த வீடு. தை மாசக் கடைசி முகூர்த்தம், பிப்ரவரி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் புது வீடு புகமாட்டார்கள். எனக்குத் தனி அறை. சுவருக்கு மஞ்சள் பெயின்ட் நானே தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கவர் பிப்ரவரி முதல் தேதி வந்தது. தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவள் நான்தான். நீளமான காக்கி நிறக் கவர், ஜோர்டான் ஸ்டாம்ப். முகவரி யாரோ தெரியாதவருடைய அழகான இங்கிலீஷ் கையெழுத்தில். நாலு ஓரமும் கறுப்பு. பிசுபிசுவென்று என் விரலில் ஒட்டியது.

நம் வீடுகளில் கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள் தடவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாவுக் கடிதத்துக்குக் கறுப்பு ஓரம் போடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அம்மா அதைப் பார்த்தாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினாள். நேராக கராஜுக்குக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு போனை எடுத்தாள்.

போன் பண்ணியது பக்கத்து ஊர் ப்ளசன்டனில் இருந்த ஆன்ட்டிக்கு. எந்த நாளில் எது செய்யலாம், எது கூடாது என்று ஈஸ்ட் பே முழுக்க அவரைத்தான் கேட்பார்கள். அம்மா சமையலறைக் கதவை மூடிக்கொண்டாலும், அந்தப் போனில் எதிர்முனைக் குரல் வெளியே கேட்கும். தம்பி போய்விட்டால் அண்ணனுக்குப் பதினாறு நாள் தீட்டு. அதோடு ஒரு வருஷத்துக்கு வீட்டில் விசேஷம் செய்யக்கூடாது. இதை ஆன்ட்டி மெதுவாக, பிரியமாகத்தான் சொன்னார்.

"ஆனா கேட்ட நாள்லேருந்துதான் கணக்கு. நீங்க இன்னும் கேக்கல, படிக்கல. பிரிக்காதீங்க. ஃபங்ஷன் முடியட்டும். போனவங்க பத்து நாள்ல திரும்பி வரவா போறாங்க?"

அம்மா என்னைக் கூப்பிட்டு, கவர் வந்தது அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். சித்தப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அப்பாவுக்குத் தெரிந்தால் புது வீட்டுக்குப் போக முடியாது என்றாள். சொல்லும்போது அவள் உதடு கோணியது. பிறகு அடுப்பில் வைத்ததைக் கிளறப் போனாள்.

அப்பாவுக்குத் தெரியாது என்றே ரொம்ப வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பாருங்கள், கண்ணாடியில் பனி உறையும் பிப்ரவரியில் ஒருநாள்கூடக் காரை கராஜில் விடாமல் இருந்ததில்லை அவர். அந்த ஒன்பது நாளும் தெருவில் நிறுத்தினார். காலையில் கண்ணாடிப் பனியைப் பழைய கார்டு ஒன்றால் சுரண்டிக்கொண்டு நிற்பார். டிவி கேசட்டையும் போடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பார்க்காமல் இருந்தால் கேட்காமல் இருக்கலாம் என்று ஒதுங்கிப் போயிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் துக்கம் காத்தார்கள்.

நான்தான் காக்கவில்லை. நாலாம் நாள், திங்கட்கிழமை, ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா புது வீட்டைக் கழுவப் போயிருந்தாள். கராஜுக்குள் போனேன். சித்தப்பா செத்துப்போனால் கவருக்குள் என்ன இருக்கும் என்று பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒட்டியிருந்த பக்கத்தை எச்சில் தொட்டுத் தொட்டு மெதுவாகப் பிரித்தேன்.

உள்ளே இரண்டு தாள். முழுக்கத் தமிழ். எழுத்துகள் கோணல்மாணலாக, பெரிதும் சிறிதுமாக. நடுவில் ஒரு நீளமான நம்பர், அடியில் இரண்டு கோடு. இரண்டாவது தாளின் கீழ் மூலையில் ஒரு கிரேன். கோடு நடுங்கியிருந்தது, ஆனால் அவருடைய கிரேன்தான். கொக்கியில் ஒரு வீடு தொங்கியது. வீட்டுக்குக் கதவு, ஜன்னல், புகைக்கூண்டுகூட இருந்தது.

சித்தப்பா உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிரித்ததற்கு அடி விழும். அப்பாவுக்குத் தெரிந்தால் புது வீடு இல்லை என்று வேறு சொல்லியிருந்தாள், அது எந்தக் கணக்கில் என்று எனக்குப் புரியவில்லை. என் மஞ்சள் அறை போய்விடும் என்று பயந்தேன். அதோடு எனக்கு என்ன தோன்றியது என்றால், சாகவில்லையே, பிறகு என்ன அவசரம்? பத்தாம் தேதி எப்படியும் பிரிப்பார்கள், அழுவதற்குப் பதில் சிரிப்பார்கள். தாள்களை மடித்து உள்ளே வைத்து, என் ஸ்கூல் பசையால் ஒட்டி, மூட்டைக்குப் பின்னால் செருகினேன். அந்த வாரம் முழுக்க நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

கிரகப்பிரவேசம் நன்றாகத்தான் நடந்தது. உங்களில் சிலர் வந்திருந்தீர்கள், புது கார்ப்பெட்டில் சறுக்கி விளையாடினோம். ஹோமப் புகையில் அலாரம் அடிக்காமல் இருக்க, நாலு இன்ஜினியர் அங்கிள்கள் நாற்காலி போட்டு ஏறி, அரை மணி நேரம் விவாதம் செய்து, கடைசியில் ப்ளாஸ்டிக் ஷவர் கேப்பை மாட்டினார்கள். பால் பொங்கியபோது அம்மா தேம்பி அழுதாள். சொந்த வீட்டுச் சந்தோஷம் என்று எல்லோரும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். ப்ளசன்டன் ஆன்ட்டி மட்டும் கிட்டே வராமல் இலை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஹோமகுண்டத்துக்கு எதிரில் உட்கார்ந்து, வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை. புது வீட்டில் வைத்துக் கேட்கக் கூடாது என்று, மூன்று பேரும் பழைய வீட்டுக்குப் போனோம். அம்மா குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கேட்டதும் தலை முழுக வேண்டுமே. கதவருகில் அப்பாவுக்குத் துண்டும் மாற்று வேட்டியும் எடுத்து வைத்தாள். பிறகு கராஜில் மூட்டைக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்து நீட்டினாள். அப்பா எப்போது வந்தது என்று கேட்கவில்லை. ஓரத்தைக் கிழித்தார்.

தாளைப் பிரித்ததும் அவர் கை நின்றது. பிறகு சத்தமாகப் படித்தார்.

"அண்ணனுக்கும் மதினிக்கும். கவர்ல இருக்கிற கறுப்பைப் பாத்துப் பயந்துராதீங்க. இங்க எதத் தொட்டாலும் கரிதான். நான் உசுரோட இருக்கேன்."

அப்பா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, தூத்துக்குடி இருக்கும் திசை எது என்றுகூடத் தெரியாமல், சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா மேலே படித்தார். துறைமுகத்தில் குண்டு விழுந்து கொட்டகைகள் மூன்று நாள் எரிந்தன. வலது கை வெந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். முகவரி ஸ்டோர்கீப்பராக இருக்கும் மலையாளிச் சேட்டன் எழுதித் தந்தது. ஆபீசும் எரிந்துவிட்டது, எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அந்த ஆபீஸ் பெட்டியில்தான் இருந்தது. ஏதாவது ஒரு காகிதம் கையில் இருப்பவர்களை எல்லை தாண்ட விடுகிறார்கள். உங்களிடம் என் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கிறதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போடும் லாரி டிரைவர் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு லாட்ஜில் இருப்பார். இது அந்த லாட்ஜின் ஃபேக்ஸ் நம்பர். அனுப்பினால் அவர் எனக்குக் கொண்டுவந்து தருவார். எட்டாம் தேதிவரை அங்கே இருப்பார்.

அன்றைக்குத் தேதி பதினொன்று. குளியல் தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் ஹாலுக்கு வரும் சத்தம் கேட்டது. யாரும் போய் மூடவில்லை.

நீல ஃபைல் புது வீட்டில் இருந்தது. அப்பா ஓடினார், ஓடித்தான் போனார், கார் சாவி கையில் இருந்தும். திரும்பி வந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு மௌரி அவென்யூவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். ஃபேக்ஸ் முதல் தடவையே போய்விட்டது. ஒவ்வொரு பக்கமாக உள்ளே இழுத்து, சித்தப்பாவின் முகம் உள்ள பக்கமும் போய், வெளியே வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அதே நம்பரில் அந்த லாட்ஜுக்குப் போன் பண்ணினார். எடுத்தவர் நல்ல இங்கிலீஷ் பேசினார். டிரைவர் எட்டாம் தேதி கிளம்ப வேண்டியவர், கலிபோர்னியாவிலிருந்து காகிதம் வரும் என்று ஒரு நாள் கூடுதலாக இருந்தார், முந்தாநாள் மத்தியானம்தான் போனார் என்றார். அப்பா மூன்று தடவை அதையே கேட்டார். அவர் மூன்று தடவையும் பொறுமையாக அதையே சொன்னார்.

நவம்பரில் அந்த மலையாளிச் சேட்டன் திருச்சூரிலிருந்து போன் பண்ணினார். டிரைவர் வெறுங்கையோடு வந்தார் என்றும், காகிதம் இருந்தவர்கள் அடுத்த நாள் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். அதற்கு மூன்றாம் நாள் மறுபடியும் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. சித்தப்பா படுத்திருந்த கொட்டகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா போனை வைத்துவிட்டுப் புது வீட்டு ஷவரில் நின்று தலை முழுகினார். அன்றிலிருந்து பதினாறு நாள் எண்ணினோம். ப்ளசன்டன் ஆன்ட்டி வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, உள்ளே வராமல் போனார். அப்புறம் யாருக்கும் அவர் நாள் பார்த்துச் சொன்னதில்லை என்று கேள்வி.

அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு பேரும் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி அமைதியாகவே வாழ்ந்தார்கள். அந்தப் பங்கில் பெரிய பங்கு என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தை நானாகவே படிக்க வேண்டும் என்றுதான் தமிழ் கற்றேன். படித்தேன். கிரேனுக்குப் பக்கத்தில் குட்டியாக, "பாப்பாவுக்குப் புது வீடு, பத்திரமா இறக்கிட்டேன்" என்று எழுதியிருந்தது. அப்பா அதை எனக்குப் படித்துக் காட்டவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நானும் அம்மாவும் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். நாலாம் நாளே பிரித்தேன், படம் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அறைக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று, ஒன்று விடாமல், தமிழில் சொன்னேன்.

அம்மா சட்டையின் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு அடி வச்சிருப்பேன்" என்றாள். "அப்புறம், உசுரோடதான இருக்காரு, ஃபங்ஷன் முடிஞ்சு படிச்சுக்கலாம், போய் ஒட்டி வைன்னு சொல்லியிருப்பேன்."

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா, அவள் மனசில் முப்பது வருஷமாக இருந்த உண்மையா, எனக்குத் தெரியவில்லை. அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். எது என்று அவளைக் கேட்கும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.